வன்னி வெக்கையில் ஐவி வளர்ப்பது

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு நடுவறையில், தையல் மெஷினுக்கு இடப்பக்கம், நிலத்தோடு ஒட்டின மாதிரி ஒரு மண்சாடியில் ஐவி நிற்கிறது. நாலாவது வருடம் நடக்கிறது. போன கிழமை அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தேன், நீளமான கொடி 71 அங்குலம். கிளிநொச்சியில் இது நிற்காது என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இதற்கு முன்னம் இரண்டு ஐவி என் கையில் செத்திருக்கிறது. சட்டை தைக்கக் கொடுக்க வருகிற பிள்ளைகள் துணியை நீட்டுவதற்கு முதல் "அக்கா, இதை எப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்றுதான் கேட்கிறார்கள். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் எந்தச் செடி என்று தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மணி பிளான்டையும் சிலர் ஐவி என்பார்கள். அது வெப்ப நாட்டுச் செடி, போத்தல் தண்ணீரில் போட்டாலும் வளரும். அதற்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. நான் சொல்வது இங்கிலீஷ் ஐவி, தாவரப் பெயர் ஹெடரா ஹீலிக்ஸ். ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் அதன் தாய்நிலம். இலை மூன்று மடலாகவோ ஐந்து மடலாகவோ வெட்டுப்பட்டிருக்கும். வேலிக் கொவ்வை இலையைத் தெரிந்தவருக்கு அந்த வடிவம் பழக்கமானதுதான். கொவ்வைக்கு ஆங்கிலப் பெயரே 'ஐவி கோர்ட்'. ஆனால் கொவ்வை சுருள் கம்பி விட்டு வேலியைப் பிடிக்கும். ஐவியோ தண்டிலிருந்தே சின்னச் சின்ன வேர் விட்டுச் சுவரையும் மரத்தையும் பிடித்து ஏறும்.

குளிர்தான் அதற்கு வாழ்வு. 10 பாகை செல்சியஸிலிருந்து 20 பாகை வரை அதற்குச் சுகம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர், அங்கே வருடச் சராசரியே 16 பாகைக்குக் கிட்டத்தான். அதனால் அங்கே அது தானாகத் தழைக்கிறது. எங்களுக்குச் சித்திரை வைகாசியில் பகல் 35 பாகைக்குக் கிட்டப் போகும். இரவிலும் சூடு முழுதாக இறங்காது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மீதி எல்லாம் செய்ய வேண்டும்.

விடாயா, வெக்கையா?

முதல் ஐவியை மலைநாட்டுப் பக்கமிருந்து வந்த பூங்கன்று லொறி ஒன்றில் வாங்கினேன். தொங்குசாடியில் இருந்தது. அப்படியே கொண்டுவந்து விறாந்தையில் தகரத்துக்குக் கீழே கொழுவினேன். பத்து மணிக்கெல்லாம் இலைகள் தொய்ந்து விழும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவேன். பின்னேரமும் ஊற்றுவேன். ஐந்தாவது கிழமை அடித்தண்டு கறுத்து, விரலால் தொட்டால் தோல் கழன்று வந்தது. சாடியைக் கவிழ்த்தபோது குளத்துச் சேற்று மணம்.

அன்றைக்கு அம்மா திண்ணையில் இருந்தபடி சொன்னா: "பிள்ளை, உதுக்குத் தண்ணி விடாய் இல்லை. வெக்கை."

ஐவி வளர்ப்பதில் நான் படித்தது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. விடாய் வந்தாலும் இலை தொய்யும், வெக்கை பட்டாலும் தொய்யும். வெக்கை நேரத்தில் இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகிற வேகத்துக்கு வேரால் கொடுத்து முடியாது, மண் சொதசொதவென்று நனைந்திருந்தாலும் முடியாது. அந்த நேரத்தில் மேலும் ஊற்றினால் மண்ணுக்குள் இருந்த காற்றும் போய், வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகின வேர் தண்ணீர் எடுக்காது. இலை இன்னும் தொய்யும். நாங்கள் இன்னும் ஊற்றுவோம்.

ஆகவே இலை தொய்ந்தால் வாளியைத் தூக்க வேண்டாம். ஆள்காட்டி விரலை முதல் மூட்டு மட்டும் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அது வெக்கை: செடியைக் குளிர்ந்த இடத்துக்கு நகர்த்துங்கள், பொழுது சாய்ந்ததும் இலை நிமிரும். விரல் காய்ந்து வந்தால்தான் விடாய்: அடித்துளையால் வடிகிற மட்டும் நிறைய ஊற்றி, பிறகு திரும்பக் காயும் வரை தொடாமல் விடுங்கள். சாடியைத் தூக்கிப் பார்க்கிற பழக்கமும் நல்லது. ஒரு மாதம் தூக்கிப் பார்த்தால் ஈரச் சாடியின் பாரமும் காய்ந்த சாடியின் பாரமும் கைக்குத் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது

எங்கள் பழைய வீட்டில் அம்மா தண்ணீர்ப் பானை வைக்கிற மூலை ஒன்று இருந்தது. மேற்கு வெயில் படாத, இரண்டு சுவர் சேருகிற இடம். நிலத்தில் மணல் கொட்டி, மணலை நனைத்து, அதன் மேல் பானை. சித்திரை மாதத்திலும் அந்தத் தண்ணீர் பல்லுக் கூசும். இப்போதுள்ள வீட்டிலும் அப்படி ஒரு மூலையைத் தேடித்தான் மூன்றாவது ஐவியை வைத்தேன். உங்கள் வீட்டிலும் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளங்கால் எங்கே குளிருகிறதோ அங்கேதான் ஐவிக்கு இடம்.

கடையில் இது பெரும்பாலும் தொங்குசாடியில்தான் வரும். குளிர் நாட்டு வீட்டுக்கு அது அழகு. எங்கள் வீடுகளில் தகரமும் சீற்றும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். சூடு மேலேதான் நிற்கும். கூரைக்குக் கிட்டக் கொழுவின செடி அடுப்புக்கு மேலே கொழுவின கருவாடு மாதிரி. கீழே இறக்குங்கள். கொடி தொங்குகிற அழகு வேண்டுமென்றால் ஒரு முக்காலி உயரம் போதும். நான் ஈர்க்கில் கட்டி ஒரு சின்னப் பந்தல் போட்டு அதிலே சுற்றி விட்டிருக்கிறேன்.

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். மத்தியானம் செடிக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று தெரிகிற மாதிரி விழுந்தால் சரியான வெளிச்சம். நிழலே விழாவிட்டால் இருட்டு: கணுவுக்குக் கணு நீண்டு, இலை சிறுத்துப் போகும். நிழல் கத்தியால் வெட்டின மாதிரி விழுந்தால் இலை கருகும்.

இதிலே எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. வடக்கு யன்னலில் வெயில் படாது என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. வன்னி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகை அளவில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். அதிலிருந்து ஆவணி முற்பாதி வரைக்கும் அது எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்குள்தான் வெயில் எட்டிப் பார்க்கும். இதைக் கவனிக்காமல் வடக்கு யன்னல்தானே என்று நம்பி, ஒரு வைகாசியில் இரண்டு கொடியைக் கருக விட்டேன். சித்திரை பிறந்தால் யன்னலிலிருந்து மூன்றடி உள்ளே நகர்த்திவிடுங்கள்.

சாடிக்குள் சாடி

பானை மூலை நினைவில்தான் இதையும் செய்தேன். ஏழங்குல மண்சாடி ஒன்று, பன்னிரண்டு அங்குல மண்சாடி ஒன்று. இரண்டுக்கும் அடியில் துளை இருக்க வேண்டும், இரண்டுக்கும் வண்ணம் பூசியிருக்கக் கூடாது. பெரிய சாடியின் அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, அதன் மேல் சின்னச் சாடியை வைத்து, இடையில் கழுவின ஆற்று மணலைப் போடுங்கள். சின்னச் சாடியின் விளிம்பு மணலுக்கு ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். காலையில் மணலை மட்டும் நனையுங்கள், கோடையில் மத்தியானமும் ஒருக்கால். மண்சுவரால் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மத்தியானம் ஐவி மண்ணுக்குள் விரல் விட்டால் அந்தக் குளிர் கைக்குத் தெரியும். சோளகம் அடிக்கிற காலத்தில் காற்றுக் காய்ந்திருப்பதால் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் தேவையில்லை, மணலைக் காய விடுங்கள்.

ஒன்று கவனம். மணலின் ஈரம் சுவரால் ஊறி உள்ளேயும் போகும். அதனால் ஐவிக்குத் தனியாக ஊற்றுகிற தண்ணீர் பாதியாகக் குறையும். விரல் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். அடித்தட்டில் தேங்கின தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், அழுகலும் வராது, டெங்கு நுளம்பும் முட்டையிடாது.

மண் கலவை எங்களுக்குச் சுலபம், ஏனென்றால் உமிக்குப் பஞ்சமில்லாத ஊர். தும்புத்தூள் இரண்டு பங்கு, கருக்கின உமி ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கின பழைய மாட்டெரு அரைப் பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், ஆகவே இரண்டு நாள் ஊற வைத்து மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும். வளவுச் செம்மண்ணைத் தனியாகப் போட்டு நிரப்பாதீர்கள். சாடிக்குள் அது இறுகிக் கல்லாகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதனால் ஐவி நிற்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. சுண்ணாம்பு ஐவிக்குப் பகையில்லை. ஐரோப்பாவில் அது சுண்ணாம்புக் கல் மதிலிலேயே ஏறி வளர்கிறது. பகை உவர்தான். கோடையில் கிணறு இறங்க இறங்கத் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரைச் சின்னச் சாடிக்கு நாளும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே சேரும். சாடி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனியிலிருந்து மண்ணிறமாகக் காய்ந்துகொண்டு வரும். கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது. கார்த்திகை மழையில் ஒரு பரல் பிடித்து, வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்துவிடுங்கள். ஒரு ஐவிக்கு அது பங்குனி தாண்டிப் போகும். பிறகு, குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு குவளை கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சாடியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சாடி கொள்ளளவுக்கு மூன்று மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி வடிய விட்டால், சேர்ந்த உப்பும் கழுவுப்படும்.

இரண்டாவது ஐவியைக் கொன்றது

இரண்டாவது ஐவிக்குத் தண்ணீரை அளவாகத்தான் விட்டேன். ஆடி மாதம், சோளகம் வீசி அடிக்கிறது, றோட்டுப் புழுதி முழுக்க வீட்டுக்குள். இலையெல்லாம் மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. புழுதி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு நாளில் திரும்ப அதே மங்கல். ஒரு நாள் மெஷின் லைற்றுக்குக் கீழே ஒரு இலையைத் திருப்பிப் பிடித்தபோது, முதுகுப் பக்கம் நரம்போரமாக நூலிலும் மெல்லிய வலை. சட்டை வெட்டுகிற வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் கொடியைத் தட்டினேன். ஊசித் துளையளவு புள்ளிகள் விழுந்தன. மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகள் நடந்தன. விரலால் தேய்த்தால் தாளில் செம்மண்ணிறக் கோடு.

அது செஞ்சிலந்தி. கத்தரி இலையில் வருகிற அதே கூட்டம். சூடும் காய்ந்த காற்றும் புழுதியும்தான் அதற்குக் கொண்டாட்டம். 30 பாகையில் முட்டை பொரித்து வளர்ந்து திரும்ப முட்டையிட ஒரு கிழமைக்குக் கிட்டத்தான் எடுக்கும். நான் கண்டபோது காலம் பிந்திவிட்டது.

இப்போது கோடையில் சனிக்கிழமை தோறும் வெள்ளைத் தாள் பிடித்துத் தட்டிப் பார்க்கிறேன். ஒரு புள்ளி நடந்தாலும் அன்றைக்கே வேலை தொடங்க வேண்டும். செய்முறை இதுதான். வெட்டி மிஞ்சின துணியில் ஒரு வட்டம் வெட்டி, தண்டைச் சுற்றி மண்ணை மூடி, சாடி விளிம்போடு நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். வாளி நிறையத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் திரவம் ஒரு தேக்கரண்டி. சாடியைத் தலைகீழாகப் பிடித்துக் கொடியெல்லாம் வாளிக்குள் அமிழ இறக்கி, சேலை அலசுகிற மாதிரி மெதுவாக அலசுங்கள், இரண்டு நிமிடம். வாளித் தண்ணீரின் மேலே அந்தப் புள்ளிகள் மிதந்து வரும். நிமிர்த்தி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, நிழலில் வடிய விடுங்கள். அடுத்த நாள் பொழுதுபட்ட பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், நாலு சொட்டுச் சவர்க்காரம் கலந்து இலையின் முதுகில் தெளியுங்கள். முதலில் ஒரு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மீதிக்குத் தெளிப்பது நல்லது. பகல் சூட்டில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும். முட்டைக்கு எதுவும் அவ்வளவாக ஏறாது, அதனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை நாலு தரம் திருப்பிச் செய்ய வேண்டும். மூன்றாவது தரத்தில் சுகமாகிவிட்டது போல இருக்கும், நிறுத்தாதீர்கள்.

தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். செஞ்சிலந்தி எட்டுக் கால் உயிர், பூச்சி இனமே இல்லை. பல பூச்சிமருந்துக்கு அது சாகாது, அதைத் தின்கிற நல்ல உயிர்கள்தான் சாகும்.

பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி கண்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் தோய்த்த பஞ்சால் தொட்டு எடுத்தால் போதும். மாரியில் இலையில் நீர் கோத்த மாதிரி மண்ணிறப் புள்ளியும் சுற்றி மஞ்சள் வளையமும் வந்தால் அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலை கழுவுவதை நிறுத்துங்கள். கோடையில் கிழமைக்கு ஒருமுறை இலை கழுவுவது, மாரியில் இலை நனைக்காமல் விடுவது.

எங்கள் ஊரில் அதன் காலம்

ஐரோப்பாவில் ஐவி குளிர்காலத்தில் ஓய்ந்து வசந்தத்தில் துளிர்க்கும். இங்கே அது தலைகீழ். கார்த்திகை மழை விழுந்து, வாடைக்காற்றுத் தொடங்கி, மார்கழி தையில் விடியப்புறம் போர்வை தேடுகிற நாட்களில்தான் எங்கள் ஐவி வளர்கிறது. என் 71 அங்குலத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில் வந்தது. சோளகக் காலத்தில் அது உறங்கும், புது இலை வராது. வரவில்லையே என்று பசளை போடாதீர்கள். உறங்குகிற செடிக்குப் போட்ட பசளை உப்பாகத்தான் கிடக்கும். மார்கழி முதல் மாசி வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அல்பேட் கரைசல் என்கிற கரையும் பசளையைச் சொன்ன அளவில் கால்வாசியாகக் கரைத்து விட்டால் போதும். சாடி மாற்றுவதும் கத்தரிப்பதும் அதே காலத்தில்தான்.

வாங்கும்போது முழுப்பச்சை இலையாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை விளிம்பு வைத்தது அழகுதான். ஆனால் வெளிச்சம் குறைந்தால் அந்த வெள்ளை மங்கிப் பச்சையாகிப் போகும், வெளிச்சம் கூடினால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். அல்ஜீரிய ஐவி என்று பெரிய பளபளப்பான இலை வைத்த ஒன்று உண்டு, அது வெப்பத்தைக் கொஞ்சம் கூடத் தாங்கும். கிடைத்தால் அதைத் தொடங்குவது புத்தி.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பார்கள். 1989இல் நாசா மூடின பெட்டிக்குள் வைத்துச் செய்த ஆய்வில் ஐவியும் இருந்தது, அது பென்சீனை உறிஞ்சினது உண்மை. ஆனால் யன்னல் திறந்த வீடு மூடின பெட்டி அல்ல. 2019இல் இப்படியான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், வீட்டுக் காற்றை மாற்ற ஒரு சதுர மீற்றருக்குள் பத்துக் கணக்கிலும் அதற்கு மேலும் செடி வேண்டும் என்று காட்டினார்கள். ஐவியை அதன் இலைக்காக வையுங்கள்.

தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டில் கவனம் வேண்டும். இலையும் காயும் நஞ்சு, தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நாய் பூனைக்கும் அப்படித்தான். வெட்டின கொடியை ஆட்டுக்குக் குழையென்று போட்டுவிடாதீர்கள். சாறு சிலருக்குத் தோலில் பட்டுச் சொறியும் சிவப்பும் வரும். கத்தரிக்கும்போது ஒரு பொலித்தீன் பையைக் கைக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.

துண்டு வைப்பது

மூன்றாவது ஐவி துண்டிலிருந்து வந்ததுதான். நுவரெலியாவுக்குக் கலியாணம் செய்து போன சித்தியின் மகள், ஒரு தையில் ஐந்து துண்டை ஈரக் கடதாசியில் சுற்றி இரவு பஸ்ஸில் கொண்டுவந்தாள். மூன்று பிடித்தது. கடையில் வாங்குகிற செடியை விடத் துண்டு நல்லது என்று நான் நினைக்கிறேன். குளிரில் வளர்ந்த பெரிய செடி இங்கே வந்து திடுக்கிட்டுப் போகும். துண்டு எங்கள் காற்றிலேயே வேர் விட்டுப் பழகும்.

கொடியைத் திருப்பி, வெளிச்சம் படாத பக்கத்தைப் பாருங்கள். கணுவை ஒட்டி மண்ணிறத்தில் குட்டை மயிர் வரிசை நிற்கும், இரண்டு நாள் மழிக்காத தாடி மாதிரி. அதுதான் வேர் முளை. அது உள்ள இடமாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு நாலைந்து அங்குலத் துண்டாக வெட்டுங்கள். நுனி மிக இளசாக இருந்தால் அழுகும், அடி மரத்துப் போனதாக இருந்தால் வேர் விடாது. நடுத்தரம் வேண்டும். கீழ் இலை இரண்டைக் கிள்ளிவிட்டு ஜாம் போத்தலில் மழைத் தண்ணீர் விட்டுக் கணு அமிழ வையுங்கள். இலை அமிழக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று கிழமையில் வெள்ளை வேர் வரும். அது ஒரு அங்குலம் ஆனதும் கலவைக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரிலேயே நீள விட்டால் பிறகு மண்ணைப் பிடிக்கக் கஷ்டப்படும். ஒரு சாடிக்கு நாலு துண்டாவது வையுங்கள், அப்போதுதான் பார்வைக்கு நிறைந்து வரும்.

இது மார்கழி, தை வேலை. இந்தத் தையில் என் செடியைக் கத்தரிக்க இருக்கிறேன், இருபது துண்டாவது தேறும். தையலுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு போத்தல் கழுவி எடுத்து வாருங்கள். மழைத் தண்ணீர் நான் வைத்திருக்கிறேன்.